ஐந்து கம்பி ஆசை

நான் வாங்கிய முதல் பேஸ் கிட்டாருக்கு, அதாவது பாட்டின் கீழ்ச்சத்தத்தை வாசிக்கும் கிட்டாருக்கு, ஐந்து கம்பிகள். ஏன் ஐந்து என்று கேட்டால் இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. வழக்கமான நான்கைவிட ஐந்து ஒன்று அதிகம், அவ்வளவுதான். அதே காசுக்கு ஒரு கம்பி கூடுதலாகக் கிடைக்கிறதே என்று நினைத்தேன்.

இன்னொருவர் வாசித்துக்கொண்டிருந்த பழைய பேஸ் அது. பளபளவென்று கறுப்பு நிறம், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு, ஐந்து குமிழ்கள். விற்றவர் மடியில் வைத்து ஒரு நிமிடம் வாசித்துக் காட்டினார், தரை அதிர்ந்தது. நான் தலையாட்டினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் கையில் வாங்கிப் பார்க்கவே கூச்சம். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் காசு கொடுத்து வாங்கிய மாட்டையும் பார்க்கவில்லை.

அடுத்த எட்டு மாதத்தில் அதை நான் வாசித்த நேரத்தைக் கூட்டினால் இரண்டு நாள் தேறாது. மற்றபடி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நமக்கு இசை வராது போலிருக்கிறது என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். கோளாறில் பாதிக்கு மேல் கருவியில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் அந்த ஐந்தாவது கம்பி. நான்கு கம்பிப் பேஸில் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி. சாதாரணக் கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளுக்குரிய அதே சுரங்கள், ஒரு ஸ்தாயி கீழே. விரல் வைக்காமல் மீட்டினால் ஈ கம்பி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிரும். ஐந்தாவது கம்பியான பி அதற்கும் கீழே, சுமார் 31. என்னிடம் இருந்த சின்ன ஆம்பில், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டியில், அது சுரமாகவே கேட்காது. புஸ்ஸென்று காற்றுத்தான் வரும். சரி, கேட்காவிட்டால் சும்மாவாவது இருக்குமா என்றால் அதுவும் இல்லை. மற்றக் கம்பிகளை மீட்டும்போதெல்லாம் கூடவே அதிர்ந்து எல்லாவற்றையும் குழப்பும். பேஸ் வாசிப்பதில் பாதி வேலை, வாசிக்காத கம்பிகளை அடக்கி வைப்பதுதான். அந்தப் பழக்கம் வராதவன் கையில் இருப்பதிலேயே தடித்த கம்பி ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்?

இரண்டாவது, நெக்கிலிருந்து, அதாவது விரலால் கம்பியை அழுத்தும் நீண்ட கழுத்துப் பகுதியிலிருந்து, கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. ஆக்‌ஷன் என்பார்கள். நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஃப்ரெட்டின் மேல்முனைக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் விரலுக்கு இதம். என்னுடையதில் நான்குக்கு மேல். ஒவ்வொரு சுரத்துக்கும் கம்பியைக் கீழே அழுத்துவதே பெரும்பாடு. விரல் நுனியில் கொப்புளம் வந்தது, உடைந்தது, திரும்ப வந்தது. பேஸ் என்றாலே இப்படித்தான், விரல் காய்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். காய்ப்பு விழும் என்பது உண்மைதான். ஆனால் மணிக்கட்டு வலிக்கக் கூடாது. மணிக்கட்டு வலித்தால் அது பயிற்சிக் குறைவு என்று எண்ணிப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். அநேகமாக ஆக்‌ஷன் உயரமாக இருக்கிறது, அல்லது பேஸைப் பிடிக்கும் கோணம் தப்பாக இருக்கிறது.

மூன்றாவது கோளாறு இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அது ஆக்டிவ் பேஸ். அதாவது உள்ளே ஒரு சின்ன மின்சுற்று, அதற்கு 9 வோல்ட் பேட்டரி. அந்தச் சுற்றுக்குத் தனி சுவிட்ச் கிடையாது. கேபிளைச் சொருகினால் வேலை செய்யும், பிடுங்கினால் நிற்கும். இதை யாரும் சொல்லவில்லை. நான் வாசித்து முடித்ததும் கேபிளோடு அப்படியே சாய்த்து வைத்துவிடுவேன். ஒரு நாள் சத்தம் கரகரவென்று உடைந்து, மெலிந்து, நின்றே போயிற்று. ஆம்ப் போய்விட்டது என்று அதைத் தூக்கிக்கொண்டு ரிப்பேருக்கு அலைந்தேன். ஆம்பில் ஒன்றுமே இல்லை.

நான்காவது, எடை. பேஸ்கள் பொதுவாக மூன்றரையிலிருந்து நான்கரை கிலோவுக்குள் இருக்கும். என்னுடையது ஐந்தை நெருங்கியது. போதாததற்கு நெக் கனம். தோளில் ஸ்ட்ராப் மாட்டி நின்று கையை எடுத்தால் தலைப்பகுதி தரையைப் பார்த்துச் சாயும். நெக் டைவ் என்று இதற்குப் பெயர். இடது கை சுரம் பிடிப்பதா, நெக்கைத் தாங்குவதா?

ஆம்பைப் பார்த்த அதே ஆள்தான் பேஸையும் கொண்டுவரச் சொன்னார். நெக்கை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். ஆலன் கீயை வைத்துத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, மத்ததெல்லாம் நான் சரி பண்ணிடுவேன். நெக் போயிடுச்சு" என்றார்.

நெக் எப்படிப் போகும் என்று கேட்கத் தோன்றும். ஒரு நான்கு கம்பிப் பேஸில் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய 80 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல. அந்த இழுப்புக்கு நெக் முன்பக்கம் வளையப் பார்க்கும். அதை எதிர்த்துப் பிடிக்க நெக்குக்குள்ளே ஓர் உலோகக் கம்பி ஓடுகிறது, ட்ரஸ் ராட். அதன் முனையில் இருக்கும் நட்டை இறுக்கினால் நெக் நேராகும், தளர்த்தினால் கொஞ்சம் வளையும். லேசான வளைவு தேவையும்கூட. கம்பி அதிர இடம் வேண்டுமே. என் பேஸில் முன்னால் வைத்திருந்தவர் யாரோ அந்த நட்டைப் பலமாகத் திருகி உள்பக்கத்தை மழுக்கிவிட்டிருந்தார். வளைந்த நெக், நிமிர்த்த வழியில்லை. மாற்று நெக் போடலாம். ஆனால் அதற்கு ஆகும் செலவு நான் பேஸுக்குக் கொடுத்ததையே தாண்டிவிடும்.

பழைய பேஸ் வாங்குகிறவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்வது இதைத்தான். கீறல், பெயிண்ட் உதிர்வு, குமிழைத் திருப்பினால் கரகரப்பு, ஆடும் கேபிள் ஜாக், துருப்பிடித்த கம்பி, இவை எதற்கும் பயப்பட வேண்டாம். சிலவற்றை வீட்டிலேயே சரிசெய்யலாம், மற்றவை சின்ன ரிப்பேர். இவற்றைக் காட்டி விலையைக் குறைக்கக்கூடச் சொல்லலாம். ஆனால் முறுக்கிக்கொண்ட நெக், திரும்பாத ட்ரஸ் ராட், தலைப்பகுதியில் விரிசல், பள்ளம் விழுந்து தேய்ந்த ஃப்ரெட்டுகள், இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் எனக்கு விடிந்தது ஒரு நண்பனால். குழுவில் வாசிக்கிறவன், புதிது வாங்கிவிட்டு, பழைய நான்கு கம்பிப் பேஸை "கொஞ்ச நாள் வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனான். பார்க்க ஒன்றுமில்லை. ஒரு பிக்கப், இரண்டு குமிழ், பெயின்ட் போன பாடி. முதல் நாள் எடுத்தவன் இரவுச் சாப்பாட்டை மறந்து வாசித்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் எடுத்தேன். திறமை ஒரே ராத்திரியில் வந்துவிடவில்லை. கை வலிக்கவில்லை, அதனால் திரும்பத் திரும்ப எடுக்கத் தோன்றியது. முதல் பேஸ் எப்படி ஒலிக்கிறது என்பதைவிட ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைக் கையில் எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு என்று அன்றைக்குப் பிடிபட்டது. அதற்குப் பிறகு எனக்காகவும், கேட்டவர்களுக்காகவும் சில பேஸ்கள் தேர்ந்தெடுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குதான்.

நண்பன் கொடுத்தது பிரிசிஷன் வகை. அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1951இல் கொண்டுவந்த வடிவம். இரண்டு துண்டாக ஏறி இறங்கி நிற்கும் அந்தப் பிக்கப் 1957இல் வந்தது. 1960இல் ஜாஸ் பேஸ் வந்தது. இன்றைக்குக் கடையில் மாட்டியிருக்கும் மலிவான பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றின் வாரிசு, அல்லது இரண்டின் கலப்பு. சத்தத்தில் என்ன வித்தியாசம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பிரிசிஷன் கனமாக, உருண்டையாக ஒலிக்கும். ஜாஸில் இரண்டு பிக்கப் இருப்பதால் கலந்து வேறுவேறு சாயல் எடுக்கலாம். ஜாஸில் ஒரு பிக்கப்பைக் குறைத்து மற்றதை மட்டும் வைத்தால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும். இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் போய்விடும். அது அந்த வகையின் குணம், பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சத்தத்தைவிட நெக்கின் அகலம்தான் உடனே உறைக்கும். ஜாஸ் நெக் தலைப்பக்கத்தில் சுமார் 38 மில்லிமீட்டர். பிரிசிஷன் 41 முதல் 44 வரை. காகிதத்தில் அற்பமான வித்தியாசம். கையில் பிடித்தால் வேறு கருவி. இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள், உள்ளங்கையே சொல்லிவிடும்.

பெயர் சொல்லச் சொன்னால், ஃபெண்டரின் மலிவு வரிசையான ஸ்க்வையர், யமஹாவின் டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனீஸின் ஜிஎஸ்ஆர் 200 ஆகிய மூன்றைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். அந்த யமஹாவில் பிரிசிஷன் பிக்கப் ஒன்றும் ஜாஸ் பிக்கப் ஒன்றும் சேர்ந்தே இருக்கின்றன, பேட்டரித் தொல்லை கிடையாது. ஐபனீஸின் நெக் மெல்லியது. அதில் கீழ்ச்சத்தத்தைக் கூட்டும் ஒரு குமிழ் மட்டும் பேட்டரியில் ஓடுகிறது. இந்த மூன்றில் எது சிறந்தது என்று மணிக்கணக்கில் விவாதிக்க ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கும் இரண்டு பேஸ்களே ஒன்று போல இருப்பதில்லை. அதனால் மாடலைத் தேர்ந்தெடுப்பதோடு நிறுத்தாமல், அந்த ஒரு கருவியை, கையில் இருப்பதை, பாருங்கள்.

பார்க்க வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் கூச்சம்தான் என்னைக் கெடுத்தது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் நெக்கின் ஓரத்தில் மேலும் கீழும் விரலை ஓட்டுங்கள். மரம் உலர்ந்து சுருங்கினால் ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு குத்தும். மலிவான பேஸ்களில் இது சகஜம், தேய்த்துச் சரிசெய்யலாம். அடுத்து, பாடிப் பக்கத்திலிருந்து நெக்கை நீளமாகப் பாருங்கள். இரண்டு ஓரமும் ஒன்றுபோல ஓட வேண்டும், ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் முறுக்கு. பிறகு பொறுமை தேவைப்படும் வேலை. நான்கு கம்பி, இருபது ஃப்ரெட் என்றால் எண்பது இடம். ஒவ்வொன்றையும் அழுத்தி ஒரு தடவை மீட்டுங்கள். பத்து நிமிடம் ஆகும், கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். எங்கேயாவது கம்பி உலோகத்தில் உரசி 'ட்ர்ர்' என்றால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நெக் முழுக்க உரசினால் செட்டப்பில், அதாவது நெக் வளைவையும் கம்பி உயரத்தையும் சரிசெய்யும் வேலையில், போய்விடும். ஓர் இடத்தில் மட்டும் உரசினால் அந்த இடத்து ஃப்ரெட்டில் ஏற்ற இறக்கம். அதைச் சரிசெய்வது வேறு வேலை, வேறு செலவு. ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஒரு சுரம் மட்டும் சட்டென்று அடங்கினால் பதற வேண்டாம். விலை உயர்ந்த பேஸ்களிலும் அது உண்டு. நெக் அந்த அதிர்வை உறிஞ்சிக்கொள்கிறது.

மூன்றாவது ஃப்ரெட்டில் ஒரு கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒரு காகிதத் தாள் நுழையும் இடைவெளிதான் இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டையில் பள்ளம் ஆழம் போதவில்லை. இதற்கும் நட் என்றுதான் பெயர், ட்ரஸ் ராட் நட் வேறு. தொடங்குகிறவர் அதிகம் வாசிப்பது முதல் மூன்று ஃப்ரெட்டுகளில்தான், அங்கேதான் இது கையைக் கொல்லும். பலர் இதைச் சோதிப்பதே இல்லை. அடுத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல ஒரு ஹார்மானிக் வரும். அதே இடத்தில் அழுத்தியும் மீட்டுங்கள். சுருதி காட்டும் ட்யூனர் இரண்டுக்கும் ஒரே புள்ளியைக் காட்ட வேண்டும். கொஞ்சம் விலகினால், பாடியில் கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் இருக்கும் திருகால் சரியாகும். கடைசியாக, உட்கார்ந்து மட்டும் பார்க்காமல் ஸ்ட்ராப் போட்டு நின்று, இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். தலை சாய்கிறதா? கொஞ்சம் சாய்ந்தால் அகலமான, உட்புறம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் பிடித்துக்கொள்ளும். தொபுக்கென்று விழுந்தால் வேறு பேஸ் பாருங்கள்.

கையில் இருக்கும் காசு முழுவதையும் பேஸிலேயே போட்டுவிடுவது அடுத்த தப்பு. கால் பங்கையாவது ஒதுக்கி வையுங்கள். அதில் முதல் செலவு செட்டப். ட்ரஸ் ராட், கம்பி உயரம், பிரிட்ஜ், நட் எல்லாவற்றையும் தெரிந்த ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்தால், ஒரு சுமாரான பேஸ் நல்ல பேஸாகவே மாறிவிடும். புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்ததற்கும் இது தேவை. ட்ரஸ் ராடை நீங்களே தொடுவதாக இருந்தால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இறுக்கமாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். என்னிடம் பேஸை விற்றவரோ அவருக்கு முந்தியவரோ அந்த இடத்தில் நிறுத்தவில்லை.

அடுத்தது நல்ல ஸ்ட்ராப், ஒரு கேபிள், ட்யூனர். ட்யூனர் கைப்பேசியிலேயே கிடைக்கிறது, ஆனால் கீழ் ஈ-யைக் கைப்பேசி மைக் பிடிக்கத் திணறும். பேஸின் தலைப்பகுதியில் கவ்வி நின்று அதிர்வை உணரும் வகை தேவலாம். ஆம்ப் உடனே வேண்டியதில்லை. ஜாக்கில் நேராகச் சொருகும் ஹெட்போன் ஆம்பும் ஒரு நல்ல ஹெட்போனும் வீட்டுப் பயிற்சிக்குத் தாராளம். பக்கத்து வீட்டாரும் வாழ்த்துவார்கள். கைப்பேசி ஸ்பீக்கரிலோ மடிக்கணினியிலோ கேட்டுவிட்டு "சத்தமே வரலை" என்று சொல்லாதீர்கள், அவ்வளவு கீழ்ச்சத்தம் அவற்றால் தர முடியாது. சாதாரணக் கிட்டார் ஆம்பில் மெல்லிய சத்தத்தில் வாசிக்கலாம், ஏற்றி வைத்தால் ஸ்பீக்கர் கிழியும். எல்லாம் ஒரே பெட்டியில் சேர்த்துத் தரும் தொகுப்புகளில் எனக்கு மனசு ஒப்புவதில்லை. பேஸ் சுமாராக இருக்கும், கூட வருவதெல்லாம் ஆறு மாதத்தில் மாற்றவேண்டி இருக்கும்.

கம்பி பற்றி ஒரு வார்த்தை. பழைய பேஸ் மந்தமாக ஒலித்தால் பிக்கப்பைக் குறை சொல்லாமல் முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். 45 முதல் 105 வரையிலான தடிமன் என்று கேட்டால் போதும். வழவழப்பான தட்டைக் கம்பிகள் விரலுக்கு இதமாக இருக்கும், மந்தமான சத்தமே அவற்றுக்கு அழகு. அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனப் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனில் அந்தத் தட்டைக் கம்பிகளை மாற்றவே மாட்டாராம். நாம் ஜேமர்சன் இல்லை, மாற்றலாம்.

போன வருடம் அண்ணன் மகளுக்கு ஒன்று வாங்கப் போனோம். பன்னிரண்டு வயது, மெல்லிய கை. சாதாரணப் பேஸில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 34 அங்குலம். முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது வரை எட்டிப் பிடிக்க அதில் 13 சென்டிமீட்டர் வேண்டும். 30 அங்குலப் பேஸில் பதினொன்றரை போதும். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வைத்திருந்த வயலின் வடிவ ஹாஃப்னர் 30 அங்குலம்தான், அதனால் இதைச் சிறுவர் சாமான் என்று யாரும் இளக்காரமாகப் பேச வேண்டியதில்லை. ஐபனீஸ் மைக்ரோ இன்னும் குட்டி, 28.6. அவள் கையில் அதுவும் 30 அங்குல ஸ்க்வையர் ஒன்றும் பொருந்தின, ஸ்க்வையரை எடுத்தோம். குட்டைப் பேஸுக்குக் குட்டைக் கம்பிதான் வாங்க வேண்டும் என்பதை மட்டும் அண்ணனிடம் இரண்டு தடவை சொல்லி வைத்தேன். பெரியவர்கள் கை சின்னது என்று உடனே குட்டைக்குப் போக வேண்டியதில்லை. நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய டபுள் பேஸ்காரர்கள் தலைப்பக்கத்துச் சுரங்களில் விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று நீட்டுவதில்லை. மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து ஒரே விரலாக வைத்து, மூன்று ஃப்ரெட் அகலத்திலேயே கையை நகர்த்தி வாசிப்பார்கள். 34 அங்குலத்திலும் அது வேலை செய்கிறது.

ஐந்து கம்பி மேல் எனக்கு இப்போது கோபமில்லை. இரண்டு வருடம் வாசித்த பிறகு ஒரு பாடகிக்காகப் பாட்டைக் கீழ்ச் சுருதிக்கு இறக்கியபோது, ஈ-க்குக் கீழே உள்ள சுரங்கள் உண்மையிலேயே தேவைப்பட்டன. இரவல் வாங்கிய ஓர் ஐந்து கம்பிப் பேஸ், நேரான நெக், நான்கு கிலோகூட இருக்காது. இரண்டே நாளில் கை பழகிவிட்டது.

பழைய கறுப்புப் பேஸை அந்த ரிப்பேர்காரரே உதிரிக்கு எடுத்துக்கொண்டார். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தேன்.